வண்ணமும் வாய்மையும்

கலைப்படைப்பு ஒன்று படைத்தவன் கையிலிருந்து சுவைப்பவன் கண்ணுக்கு வந்து சேரும் வழியில் வேறு பல கைகள் குறுக்கிடுகின்றன. ஓலைச்சுவடிக் காலத்தில் அது ஏடு பெயர்த்தெழுதுவோன் கை. அச்சுக் காலத்தில் எழுத்துக் கோப்போன் கை. திரைப்படம் வீட்டுக்குள் குடிபுகுந்துவிட்ட இக்காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டியைச் செய்தோன் கை. பிழைபட்ட சுவடியைப் படித்தவர் அப்பிழையையே புலவன் வாக்கெனப் போற்றியதுண்டு. அவ்வாறே பெட்டியின் பிழையைப் படைப்பாளியின் வண்ணமெனக் கொள்வோர் இன்று பலர்.

சுவடியின் பிழையைக் களையப் பதிப்பாசிரியர் தோன்றினர். பெட்டியின் பிழையைக் களையவும் ஒரு தொழில் தோன்றியுள்ளது. அளவுத்திருத்தம் என்பது அதன் பெயர். நுண்கருவி கொண்டு திரையின் ஒளியையும் நிறத்தையும் அளந்து, உலகம் ஏற்றுக்கொண்ட நெறிக்கு அவற்றைக் கொண்டுவந்து நிறுத்துவது அத்தொழிலின் பணி. 1994-இல் அமெரிக்காவில் தோன்றிய படமாக்க அறிவியல் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் இதற்கெனப் பயிற்சி தந்து வல்லுநரை உருவாக்கி வருகின்றன.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலோ கிள்ளான் வரிசை வீடு ஒன்றிலோ வாழும் தமிழ்க் குடும்பம், பெட்டிக்குக் கொடுத்த விலை போதாதென்று அதனைத் திருத்துவதற்கும் கூலி கொடுக்க வேண்டுமா? மேலோட்டமாக நோக்கின் இது வீட்டு வரவுசெலவுக் கணக்கில் தோன்றும் சிறு வினா. ஆழ்ந்து நோக்கின் இதனுள் ஒரு திறனாய்வு வினா அடங்கியிருக்கக் காணலாம். தமிழ்த் திரைப்படங்களைப் பற்றித் தமிழர் கூறும் தீர்ப்புகள் எதனைப் பார்த்துக் கூறப்படுகின்றன? படத்தைப் பார்த்தா, பெட்டியைப் பார்த்தா?

வண்ணம் வந்த வழி

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1978 டிசம்பர் 28-ஆம் நாள், வண்ண ஒளிபரப்பு வந்தது. இடைப்பட்ட அப்பதினைந்து ஆண்டுகளில் தமிழ்க் குடும்பங்கள் இருவேறு திரையுலகங்களில் வாழ்ந்தன எனலாம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-லேயே வந்துவிட்டது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959-இல் கேவாகலரில் எடுக்கப்பட்டு டெக்னிக்கலரில் வெளியிடப்பட்டது. ‘கர்ணன்’ 1964-லும் ‘திருவிளையாடல்’ 1965-லும் ஈஸ்ட்மன்கலரில் வந்தன. படக்கொட்டகையில் பட்டின் செம்மையையும் பொன்னின் மஞ்சளையும் கண்டு களித்த கண்கள், அதே படம் வீட்டுத் திரையில் வந்தபோது சாம்பல் நிறத்தையே கண்டன.

மலேசியா மேற்கொண்ட வண்ணமுறை ‘பால்’ எனப்படுவது. ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் உருவாக்கிய இம்முறை 1967-இல் ஐரோப்பிய ஒளிபரப்பில் இடம்பெற்றது. அமெரிக்கா 1953-இல் ஏற்ற ‘என்.டி.எஸ்.சி.’ முறையில், அலைவரும் வழியில் சிறு பிறழ்ச்சி நேர்ந்தாலும் நிறமே மாறிவிடும். முகம் பச்சையாகவோ ஊதாவாகவோ தோன்றும். ஆகவே அப்பெட்டிகளில் நிறச்சாயலைத் திருத்தத் தனித் திருகு ஒன்று தேவைப்பட்டது. பால் முறையோ ஒரு வரியில் நேரும் பிறழ்ச்சியை அடுத்த வரியின் எதிர்ப்பிறழ்ச்சியால் ஈடுசெய்துவிடும். எனவே மலேசிய இல்லத்தரசனுக்கு ஒளிர்வு, மாறுபாடு, வண்ணம் ஆகிய மூன்று திருகுகளே பெரும்பாலும் போதுமாயின.

இம்மூன்றினுள் வண்ணத் திருகே மிகுதியும் முறுக்கப்பட்டிருக்கும் என்று கருதுவதில் தவறில்லை. பல மாதத் தவணையில் வண்ணப்பெட்டி வாங்கிய குடும்பம், கொடுத்த பணத்துக்கு வண்ணம் நிறையத் தெரியவேண்டும் என்று விரும்புவது மனித இயல்பு. சிவப்பு ததும்பியது, பச்சை பொங்கியது, நடிகையின் முகம் மஞ்சள் பூசியது போலாயிற்று. அதுவே அழகெனப் பழகிவிட்டது. 1996-இல் அஸ்ட்ரோ வழியே துணைக்கோளத் தொலைக்காட்சி வந்தது. 2019-இல் பழைய முறை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு எண்மின் ஒளிபரப்பு முழுமையடைந்தது. பெட்டியின் பருமன் குறைந்தது, திரை அகன்றது, திருகுகள் மறைந்து அவற்றின் இடத்தில் பட்டியல்கள் வந்தன. ஆனால் மிகையே அழகென்னும் பழைய சுவை மட்டும் மாறவில்லை. பெட்டி செய்வோர் அச்சுவையை நன்கு அறிவர். கடையில் வரிசையாக அடுக்கப்பட்ட பெட்டிகளுள் எது கண்ணைப் பறிக்கின்றதோ அதுவே விலைபோகும். எனவே பெட்டிகள் பல, வீட்டுக்குரிய நிலையில் அன்றிக் கடைக்குரிய நிலையிலேயே வீட்டை அடைகின்றன.

நெறி எது?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது முதுமொழி. வண்ணத்தைத் தீர விசாரிப்பதற்குரிய அளவுகோல்களை உலகம் வகுத்துவைத்திருக்கிறது. 1931-இல் பன்னாட்டு ஒளியியல் ஆணையம், மனிதக் கண் காணும் நிறங்களை எண்களால் குறிக்கும் முறையை அமைத்தது. அதன் வழியில், ‘டி65’ என்னும் பகலொளி வெண்மை தொலைக்காட்சிக்குரிய வெண்மையாக ஏற்கப்பட்டது. ஏறத்தாழ 6500 கெல்வின் வெப்பநிலைக்குரிய வெண்மை அது. உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்குரிய நிற எல்லைகளைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 709-ஆம் பரிந்துரை 1990-இல் வரையறுத்தது. கருமையிலிருந்து வெண்மைவரை ஒளி படிப்படியாக ஏறவேண்டிய முறையை 2011-இல் வந்த 1886-ஆம் பரிந்துரை கூறுகிறது. வழக்கமான படங்களுக்கு வண்ணம் அமைக்கும் கலைஞர், சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா அளவு வெண்மை காட்டும் திரையைப் பார்த்தே பணிபுரிவர். அவர் பார்த்ததையே பார்ப்பவரும் பார்க்கவேண்டும் என்பதே அளவுத்திருத்தத்தின் முழு நோக்கம். அதற்கு மேல் அதில் மந்திரம் ஏதுமில்லை.

கடைநிலைப் பெட்டி இந்நெறியிலிருந்து எவ்வாறு விலகுகிறது? முதலாவதாக, அதன் வெண்மை நீலம் கலந்தது. ஜப்பானில் நெடுங்காலமாக 9300 கெல்வின் வெண்மையே தொலைக்காட்சிக்கு வழங்கிவந்தது. அந்நீலச் சாய்வு ஆசியச் சந்தையெங்கும் பழகிப்போயிற்று. நீலம் கலந்த வெள்ளை சலவைக்குப் போட்ட வேட்டிபோல் தூய்மையாகத் தோன்றும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் கண்ணுக்கு அது போதும். இரண்டாவதாக, நிறங்கள் மிகைப்படுத்தப்படுகின்றன. மூன்றாவதாக, உருவங்களின் ஓரங்களில் இல்லாத கூர்மை வெண்கோடாக வரையப்படுகிறது. நான்காவதாக, நொடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்பட்ட திரைப்படத்தினிடையே, எவரும் எடுக்காத சட்டங்களைப் பெட்டி தானே கற்பித்து நுழைக்கிறது. அதனால் திரைப்படம் தொலைக்காட்சித் தொடர்போல் வழுக்கிச் செல்கிறது. இந்நான்காவது கேட்டினை நிறுத்திவைக்குமாறு ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸ் 2018-இல் பார்வையாளரை வெளிப்படையாக வேண்டிக்கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. மறு ஆண்டில், படைப்பாளியின் நோக்கத்தைக் காக்கும் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்னும் நிலை உருவாக்கப்பட்டுப் பல நிறுவனங்களின் பெட்டிகளில் இடம்பெறத் தொடங்கியது.

கரிய முகங்கள்

இதுவரை கூறியவை உலகப் பொதுவானவை. தமிழருக்கே உரிய சிக்கல் ஒன்று இதனுள் உண்டு. அது முகத்தின் நிறம்.

கரிய மேனி ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்புகிறது. எனவே திரையில் அதன் இடம் ஒளியேணியின் கீழ்ப்படிகளில் அமைகின்றது. கீழ்ப்படிகளை அமுக்கிவிடும் பெட்டியில், வெளிறிய முகம் பெரிதும் கேடுறாமல் தப்பிவிடும். கரிய முகமோ கண்ணும் கன்னமும் வேறுபாடின்றி ஒரே நிழலாகிவிடும். அதனைச் சரிசெய்ய ஒளிர்வை உயர்த்தினால் முகம் சாம்பல் பூக்கும். வெண்மையில் நீலம் மிகுந்தால் மாநிறம் உயிரற்றுத் தோன்றும். வண்ணத்தைக் கூட்டினாலோ அதே முகம் செங்கல்லாகும். ஆகவே, அளவு பிறழ்ந்த பெட்டியின் முதற்பலி கரிய முகமே.

ஒளிப்படக் கலையின் வரலாறும் இதற்குச் சான்று. கோடாக் நிறுவனம் ஒளிப்பட அச்சகங்களுக்கு அளவுப்படம் ஒன்றை அனுப்பிவந்தது. அதில் இருந்தவர் வெள்ளை இனப் பெண் ஒருவர். முதலில் அவ்வாறு அமர்ந்த பணியாளரின் பெயரால் அது ‘ஷெர்லி அட்டை’ எனப்பட்டது. அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பதே தொழில்நெறி. கரிய முகம் அவ்வளவுகோலுக்குள் அடங்கவில்லை. பழுப்பு நிறங்களைப் பிரித்துக்காட்டும் படச்சுருளின் ஆற்றல் பிற்பாடு உயர்ந்ததற்கு, மரத்தளவாடங்களையும் சாக்லெட்டையும் விளம்பரம் செய்தோர் எழுப்பிய குறைகளும் காரணம் என்று கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் எடுத்துக்காட்டியுள்ளார். மனித முகத்துக்காக வாராத திருத்தம் மரப்பலகைக்காக வந்தது. அளவுகோல் என்பது நடுநிலையான பொருள் போலத் தோன்றினும், எவர் முகத்தை வைத்து அளக்கப்பட்டது என்ற வினா அதனுள் இருந்துகொண்டே இருக்கிறது.

தமிழ் ஒளிப்பதிவின் சிறந்த சாதனைகள் பல இக்கீழ்ப்படிகளிலேயே நிகழ்ந்துள்ளன. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ 1954-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். அதில் நிழல் ஒரு கதைமாந்தர் போலவே பங்கேற்கிறது. மட்டக்களப்பில் பிறந்த பாலுமகேந்திரா ‘மூன்றாம் பிறை’யில் (1982) இயற்கையொளியின் மென்மையைக் கையாண்டு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைப் பெற்றார். ‘நாயகன்’ படத்துக்காக (1987) அவ்விருதைப் பெற்ற பி.சி. ஸ்ரீராம், மேலிருந்து விழும் ஒளியால் முகத்தின் பாதியை நிழலில் ஆழ்த்தினார். வேலு நாயக்கரின் கண்கள் அந்நிழலுக்குள்ளிருந்து பார்க்கின்றன. அறத்துக்கும் குற்றத்துக்கும் இடையே நிற்கும் ஒருவனின் உள்ளம் அவ்வொளியமைப்பிலேயே பேசப்படுகிறது. கீழ்ப்படிகளை விழுங்கும் பெட்டியில் அக்கண்கள் இல்லை. எல்லாவற்றையும் வெளுக்கச் செய்யும் பெட்டியில் அந்நிழல் இல்லை. இருவகையிலும் மறைவது அழகு மட்டும் அன்று, பொருளும் ஆகும்.

மலேசியத் தமிழ்ப் படங்களுக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) தோட்டப்புற வாழ்வைக் காட்டியது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015), தோட்டத்திலிருந்து பெயர்க்கப்பட்டு நகர்ப்புறப் புறம்போக்குக் குடியிருப்பில் ஒதுங்கிய குடும்பத்தின் கதையை அப்போய் என்னும் சிறுவனைக் கொண்டு சொல்லியது. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வுபெற்றது. இப்படங்களின் மாந்தர் பால்மரத்தின் நிழலிலும் தகரக்கூரையின் கீழும் வாழ்ந்த கரிய மக்கள். பெருஞ்செலவில் எடுக்கப்பட்ட சென்னைப் படம் வண்ணப் பகட்டினால் எப்பெட்டியிலும் ஒருவாறு பிழைத்துக்கொள்ளும். சிறுசெலவில், இருக்கும் ஒளியை நம்பி எடுக்கப்படும் உள்நாட்டுப் படத்துக்கு அவ்வாய்ப்பில்லை. படம் இருட்டாக இருக்கிறது, ஒளிப்பதிவு போதவில்லை என்று வீட்டுப் பெட்டியைப் பார்த்து எழுதப்படும் ஒரு வரி, ஓர் இளங்கலைஞனின் அடுத்த வாய்ப்பையே கெடுத்துவிடக்கூடும். அவ்வரியை எழுதுபவர் தம் பெட்டி எந்நிலையில் உள்ளதென்று அறிந்திருத்தல் கடமையல்லவா?

சுவையும் உரிமையும்

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று எழும். அவரவர் வீட்டில் அவரவர் விரும்பும் வண்ணத்தில் பார்ப்பது அவரவர் உரிமை. சாம்பாரில் உப்பு இவ்வளவுதான் இருக்கவேண்டும் என்று வெளியார் வந்து அளந்து சொல்வது போன்றதன்றோ இது என்பர். இவ்வாதத்தில் உண்மையுண்டு. நாள் முழுதும் உழைத்து வந்தவர் இரவில் சற்றுப் பளிச்சென்ற படத்தைக் காண விரும்பினால், அவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் இரண்டினை வேறுபிரித்தறிதல் வேண்டும். பெரிய எழுத்துப் பதிப்பை நாடுவது படிப்பவர் உரிமை. அப்பதிப்பில் சொற்களே மாற்றப்பட்டிருக்குமாயின் அது வேறு செய்தி. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கிடைத்த ஏடு எதுவோ அதுவே போதும் என்று அமைந்துவிடவில்லை. பல சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கி, பாடவேறுபாடுகளை ஆராய்ந்து, புலவன் எழுதியது எதுவாயிருக்கும் என்று துணிந்தார். அதன் பின்னரே அந்நூலைப் பற்றிய திறனாய்வு உறுதியான நிலத்தில் நிற்கலாயிற்று. சுவை பாடத்துக்குப் பின்னர் வருவது. பாடம் சுவைக்கு முன்னர் உறுதிப்படுவது. விரும்பி வண்ணத்தை மிகுத்துப் பார்ப்பவர் தம் சுவையைப் பயன்படுத்துகிறார். கடைக்காரன் மிகுத்து வைத்ததை அறியாமலே பார்ப்பவரோ பிறர் சுவைக்கு ஆட்படுகிறார். முன்னதற்கு உரிமை என்று பெயர். பின்னதற்கு அப்பெயர் பொருந்தாது.

இன்னொரு செய்தியும் உண்டு. நெறிப்படி திருத்தப்பட்ட படம் முதற்பார்வையில் மங்கலாகவும் மஞ்சள் படர்ந்ததாகவும் தோன்றும். நீல வெண்மைக்குப் பழகிய கண் அவ்வாறுதான் உணரும். சில நாள் பொறுத்தால் கண் இசைந்துகொள்ளும். அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பினால் அந்நீலமே உறுத்தும். ஆகவே ஒரு மாலையில் பார்த்து, கொடுத்த பணம் வீண் என்று முடிவுகட்டுவதும் பிழை. வல்லுநர் எதிரிலேயே வியந்து பாராட்டுவதும் பிழை.

திருத்தத்தால் இயலாதவை

அளவுத்திருத்தத்தை எல்லாப் பிணிக்கும் மருந்தெனப் புகழ்வோரும் உளர். அதுவும் மிகையே. செல்லரித்த ஏட்டில் இல்லாத செய்யுளை எப்பதிப்பாசிரியரும் தரமுடியாது. அதுபோல் மூலத்திலேயே இழந்துபோனதைத் திரையில் மீட்கமுடியாது.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த தமிழ்ப்படங்கள் பல தொலைக்காட்சியில் இளஞ்சிவப்பேறிக் காணப்படுவதை அனைவரும் அறிவர். ஈஸ்ட்மன்கலர்ப் படிகளில் நீலப்பச்சைச் சாயம் பிற சாயங்களினும் விரைந்து வெளிறியதே அதற்குக் காரணம். சாயத்தைப் பதித்தெடுக்கும் பழைய டெக்னிக்கலர்ப் படிகளுக்கு இக்கேடு பெரும்பாலும் இல்லை. சிவந்துபோன படி ஒன்றிலிருந்து எடுத்த படத்தை, நன்கு திருத்தப்பட்ட பெட்டி அச்சிவப்பு மாறாமல் அப்படியே காட்டும். வாய்மையுள்ள சாட்சி கேட்டதைத்தான் சொல்வான். அவ்வகைப் படத்துக்கு வேண்டுவது பெட்டியின் திருத்தம் அன்று, படச்சுருளின் மீட்புப்பணி. பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ எண்மின் முறையில் புதுப்பிக்கப்பட்டு 2012-இல் மீண்டும் திரைக்கு வந்து வெற்றிபெற்றமை அப்பணியின் பயனைக் காட்டிற்று.

ஒலியிலும் ஒன்றுண்டு. பால் முறை நொடிக்கு 25 சட்டங்களைக் கேட்பது; திரைப்படமோ நொடிக்கு 24 சட்டங்களால் ஆனது. ஆகவே அம்முறை வழங்கிய நாடுகளில் படத்தைச் சற்று விரைவாக ஓட்டியே ஒளிபரப்புவது வழக்கமாயிற்று. 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். தனியே திருத்தாவிடின் சுருதியும் ஏறத்தாழ முக்கால் சுரத்தானம் உயர்ந்துவிடும். இவ்வாறு மாற்றப்பட்ட பழைய பதிவில் இளையராஜாவின் பாடலைக் கேட்பவர், இசையமைப்பாளர் கொண்ட சுருதியில் அதனைக் கேட்பதில்லை. திரையை எவ்வளவு திருத்தினும் இது மாறாது. குறைந்த அலையளவில் நெருக்கி அனுப்பப்படும் ஒளிபரப்பில் தோன்றும் கட்டங்களும் கறைகளும் அவ்வாறே. கூர்மையான பார்வைக்கண்ணாடி அழுக்கையும் கூர்மையாகவே காட்டும்.

வீட்டின் ஒளியும் கருதத்தக்கது. கிள்ளான் பள்ளத்தாக்கின் வரிசை வீடுகளில் முன்கூடமே பெரும்பாலும் தொலைக்காட்சிக் கூடமாகும். இரும்புக் கிராதிக் கதவு வழியே பகல் வெளிச்சம் நேரே திரைமேல் விழும். இரவில் கூரையின் வெண்குழல் விளக்கு அதில் எதிரொளிக்கும். அவ்விளக்கை அணைக்கவோ திரைச்சீலையை இழுத்துவிடவோ மனமில்லாதவர் நிழலின் நுண்மைகளைத் திருத்துவதற்குப் பணம் கொடுப்பது, ஓட்டைக் குடத்துக்குப் பொன்முலாம் பூசுவதையே ஒக்கும்.

கணக்கும் தீர்ப்பும்

இனிச் செலவை நோக்கலாம். கட்டணம் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் வேறுபடும். எடுத்துக்காட்டுக்காக அது 800 ரிங்கிட் என வைத்துக்கொள்ளலாம். 2,000 ரிங்கிட் பெட்டிக்கு அது நூற்றுக்கு நாற்பது பங்கு. அத்தொகையைச் சேர்த்து முதலிலேயே மேலான பெட்டியை வாங்குவது அறிவுடைமை. மலிவான பெட்டியின் கருமை கருமையாக இராது. அதனை எந்தத் திருத்தமும் கருமையாக்காது. 10,000 ரிங்கிட் பெட்டிக்கோ அதே கட்டணம் நூற்றுக்கு எட்டுப் பங்கே. நாள்தோறும் மூன்று மணிநேரம் பார்ப்பவருக்கு இரண்டாண்டில் 2,190 மணிநேரம் ஆகும்; மணிக்கு ஏறத்தாழ 37 சென் செலவு. இரண்டாண்டு எனக் கொள்வதற்குக் காரணம் உண்டு. திரையும் நாள்பட மூப்படையும். இன்று செய்த திருத்தம் என்றைக்கும் நிற்பதன்று.

ஆனால் செலவிடுமுன் செலவில்லாத் திருத்தங்களைச் செய்துமுடித்தல் வேண்டும். பட்டியலில் பளிச்சிடும் நிலையை விடுத்துச் சினிமா நிலையையோ ஃபிலிம்மேக்கர் நிலையையோ தெரிவுசெய்தல், வெண்மையை வெதுப்பான பக்கம் திருப்புதல், இயக்கத்தை வழுக்கச் செய்யும் வசதியை நிறுத்துதல், மிகைக்கூர்மையைக் குறைத்தல், அறையொளிக்கேற்பத் தானே மங்கியும் பொங்கியும் மாறும் அமைப்பை அணைத்தல் ஆகிய ஐந்தும் கால்மணி நேரப் பணி. கடைநிலைக்கும் நெறிக்கும் இடையேயுள்ள தொலைவின் பெரும்பகுதியை இவையே கடந்துவிடும். நிறப்பிழையை அளக்கும் ‘டெல்டா ஈ’ என்னும் கணக்கில் 3-க்குக் கீழ்ப்பட்ட பிழை சாதாரணக் கண்ணுக்கு எளிதில் புலப்படாது என்பர். இக்காலத்து மேலான பெட்டிகள் சில, சினிமா நிலையில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அவ்வெல்லையை நெருங்கி நிற்கின்றன. எஞ்சிய சிறு தொலைவைக் கடப்பதற்கே வல்லுநர் தேவைப்படுகிறார். அவ்வெஞ்சிய தொலைவைப் பிறர் பெட்டிக்குரிய எண்களைப் பார்த்தெழுதிக் கடக்க முயல்வதும் வீண். ஒரே வகைப் பெட்டிகளுள்ளும் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை. ஒருவர் மூக்குக்கண்ணாடி மற்றொருவர்க்குப் பொருந்துமா?

கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் நகை வாங்கச் செல்பவர் எடையையும் மாற்றையும் கேளாமல் பணத்தை எடுப்பதில்லை. அதே எச்சரிக்கை இங்கும் வேண்டும். திருத்துவதற்கு முன்னும் பின்னும் அளந்த எண்களை எழுத்தில் தருவாரா? கருவிகொண்டு அளக்கிறாரா, கண்மதிப்பில் முடிக்கிறாரா? பெட்டியை அரைமணி நேரமேனும் ஓடவிட்டுச் சூடேறிய பின்னர் அளக்கிறாரா? பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி நிலை அமைக்கிறாரா? வழக்கமான படத்துக்கும் ஒளிவிரிவு மிகுந்த எச்.டி.ஆர். படத்துக்கும் தனித்தனியே திருத்துகிறாரா? இவ்வைந்து வினாவுக்கும் நேர்விடை தராதவரிடம் வெள்ளிக்காசைக் கொடுக்கவேண்டுவதில்லை.

இவற்றையெல்லாம் சீர்தூக்கின், பெரும்பாலான குடும்பங்களுக்கு இச்செலவு தேவையில்லை என்பதே நேர்மையான தீர்ப்பாகும். செலவில்லாத ஐந்து திருத்தங்களும் ஒரு திரைச்சீலையும் அவர்களுக்குப் போதும். இருண்ட அறையும் உயர்ந்த பெட்டியும் நிழலைச் சுவைக்கும் கண்ணும் உடையவர் ஒருமுறை செலவிடலாம், வருந்தமாட்டார்.

ஆனால் ஒரு சாரார்க்கு இது விருப்பம் அன்று, கடமை. திரைப்படத்தைப் பற்றி எழுதித் தீர்ப்பு வழங்குவோரும், பலரைக் கூட்டிப் படம் திரையிடும் மன்றங்களும், மாணவர்க்குத் திரைக்கலை கற்பிக்கும் நிலையங்களும் அச்சாரார். ஒரு வீட்டுப் பெட்டியைத் திருத்தினால் ஒரு குடும்பம் பயன்பெறும். மன்றத்துப் புரொஜெக்டரைத் திருத்தினால் அங்கு வந்து பார்க்கும் ஒவ்வொரு தலைமுறையும் பயன்பெறும். பரிசளிப்பு விழாவின் மாலைகளுக்கும் பொன்னாடைகளுக்கும் செலவிடும் அமைப்புகள், அதில் ஒரு சிறுபகுதியை இதற்கு ஒதுக்குவது அரிதன்று. உறுப்பினர் பலர் கூடிப் பகிர்ந்தால் தனியொருவர்க்குப் பெருஞ்சுமையாவது எவர்க்கும் சுமையாகாது.

வீணை வித்துவான் சபையேறுமுன் சுருதி கூட்டுகிறார். அது கச்சேரியாகாது, எனினும் அது இல்லாமல் கச்சேரியும் இல்லை. அளவுத்திருத்தம் திறனாய்வாகாது, எனினும் அளவறியாத திரையைப் பார்த்து எழுதும் திறனாய்வு ஐயத்துக்கு இடமாகும். மலேசியத் தமிழரின் முகங்களை மலேசியத் தமிழரே படமெடுக்கத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், அம்முகங்களை அவற்றின் நிறத்திலேயே பார்த்துவிட்டுப் பேசுவது, அவற்றை எடுத்தவர்களுக்குச் செய்யும் முதல் நியாயமாகும்.